கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மையமும் ஒரு வெள்ளிக்கிழமையும்

2007 ஆகஸ்டில் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு நாள் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, பிழைப்புக்கு. மொழிபெயர்ப்பு என் தொழில். வெளிநாட்டு உதவியில் நடக்கும் கிராமத்துக் கம்ப்யூட்டர் மையம் ஒன்றைப் பார்வையிட ஐரோப்பாவிலிருந்து எல்சா என்ற அதிகாரி வந்திருந்தார். மையத்துக்கான பணம் அந்த மாதத்தோடு முடிகிறது. அவர் நல்லபடியாக அறிக்கை எழுதினால் இன்னும் ஒரு வருடம் ஓடும், இல்லையென்றால் பூட்டுதான். இதுபோன்ற மையங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

காலை ஒன்பதரைக்குத் திருவள்ளூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம். நான்கு நாட்டுக்காரர்கள் மாறி மாறிப் பேசினார்கள். எல்லோருக்கும் சமமான டிஜிட்டல் உலகம், யாரையும் விட்டுவிடாத டிஜிட்டல் உலகம், நாடுகள் கைகோத்துக் கட்டும் டிஜிட்டல் உலகம். மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. பாவம், அவர்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஏசி ஓடியிருந்தால் எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்திருக்கும்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். கார் வாடகை நாளுக்கு ஆயிரத்து இருநூறு, டிரைவர் பேட்டா தனி. பெரியபாளையம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஏறியதும் முன்னால் இரும்பு லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர் ஏழுமலை இன்ஜினை அணைத்தார்.

"ஒரே பேஜாரு சார். இன்னும் ஒரு மணி நேரம் இப்டியே நின்னுகினு இருக்க வேண்டியதுதான்."

எல்சா தூங்கிவிட்டார். இந்தியா வரும் வழியில் வேறு மூன்று நாடுகளில் இதே மாதிரி மையங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தில் என்னைவிட அதிக அலுப்பு.

மையம் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர், பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை. போய்ச் சேரும்போது மணி மூன்றே முக்கால். நடத்துகிறவர் ஷமீமா, பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். வாசலில் பெரிய கோலம், தட்டில் சந்தனம், பன்னீர்ச் சொம்பு. உள்ளே ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்தையும் அணைத்து, துடைத்து, உறை போட்டு, மேலே ஆளுக்கொரு முழம் மல்லிகை வைத்திருந்தார்கள். அறையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"இங்கே யாருமே வருவதில்லையா?" என்று எல்சா கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

ஷமீமா பெருமையாகச் சிரித்தார். "நீங்க வர்றீங்கன்னு எல்லாரையும் வராதீங்கன்னு சொல்லிட்டேன் சார். இல்லாங்காட்டி ஒரே கூட்டம், சத்தம். விருந்தாளிங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருக்காதா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எல்சா தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. டீ குடித்துவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

தெரு முனை தாண்டியதும் கறுப்புக் கண்ணாடியை மையத்திலேயே விட்டுவிட்டதாக எல்சா சொன்னார். நான் இறங்கி எடுக்கப் போனேன். அறை நிறைந்திருந்தது! பின்கட்டில் காத்திருந்த பெண்கள், கார் நகர்ந்ததும் உறைகளை உருவிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருடைய கணவர்களும் குவைத்தில். வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்கு விடுமுறை, வாரம் ஒரு தடவை இந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் வழியாகப் பேச்சு. ஜெயந்தி என்ற பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பாப்பாவுக்கு ஜுரம் வுட்டுச்சு, நீ சோறு துன்னியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் எல்சாவைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் வாசலில் நின்றதுதான் தாமதம், அத்தனை பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். பதற்றத்தில் ஜெயந்தி இணைப்பையே துண்டித்துவிட்டார்.

"பேசுங்கம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"விருந்தாளி நின்னுகினு இருக்கசொல்ல நாங்க எப்டி சார் உக்காந்து பேசறது?" என்றார் ஷமீமா.

எல்சா சட்டென்று தரையில் உட்கார்ந்தார். ஜெயந்தி மறுபடி முயன்று பார்த்தார். அந்தப் பக்கம் ஆள் இல்லை. அங்கேயும் வாடகைக் கம்ப்யூட்டர்தான். பின்னால் வரிசையில் நின்றவர் உட்கார்ந்திருப்பார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பேசலாம் இல்லையா?" என்றார் எல்சா, நிஜமான வருத்தத்தோடு.

"அடுத்த வெள்ளிக்கெழம இந்த ரூமு தொறந்திருக்குமான்னு அந்தம்மாவையே கேளுங்க சார்," என்றார் ஜெயந்தி. கேட்டேன். தன் ஒருத்தி கையில் இல்லை என்று சொல்லிவிட்டு, எல்சா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: கார் வேண்டாம், சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடியுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். வருவதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். உள்ளே போனதும் முதலில் உட்காருங்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஒரு வருடம் நீட்டிப்பு. எல்சா நன்றாகவே எழுதியிருந்தார். அதனாலேயே, மாதம் ஒரு குழு மையத்தை நேரில் வந்து பார்க்குமாம். ஷமீமாவுக்குப் போனில் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார், கொஞ்சம் அழுதார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார், அவங்கள வெள்ளிக்கெழம மட்டும் வரவேணாம்னு சொல்ல முடியுமா?"