ஆமை மிஹ்லாரும் நீலக் காரும்

“மகள், ஒரு இங்கிலீஸ் சொல்லுக்குக் கருத்துக் கேக்கட்டா?” என்றார் மிஹ்லார் மாமா. பாடசாலை வேனில் அப்போது நானும் அவரும்தான் இருந்தோம். பிள்ளைகளை ஏற்றும் முதல் ஒழுங்கை இன்னும் வரவில்லை.

“கேளுங்க மாமா.”

“லோன்ச் கொன்ட்ரோல் எண்டா என்ன?”

“ரொக்கட்ட மேல விடக்குள்ள அப்பிடிச் சொல்லுவாங்க. எங்க கண்டீங்க?”

“ரொக்கட் இல்ல, இது கார். நாலு கதவு. பின்னால மூணு பேர் இரிக்கலாம், டிக்கியில ஒரு மூடை அரிசி வெக்கலாம். பாத்தா சும்மா குடும்பக் கார்தான். ஆனா இடது காலால பிரேக்க அமத்திக்கிட்டு, வலது காலால எக்ஸிலேட்டர முழுசா மிதிச்சி, பிரேக்க ஒரேயடியா விட்டா, நாலு செக்கனுக்குள்ள நூறு.”

“நம்மட வேன் நூறுக்குப் போக எவ்வளவு நேரம் செல்லும் மாமா?”

“நம்மட வேன் நூறுல போகுதெண்டா, மகள், அது பாலத்தால கீழ விழுந்துக்கிட்டு இரிக்கி எண்டு அர்த்தம்.”

இதைச் சொல்லும்போதே வேனின் வேகத்தை முப்பதிலிருந்து இருபதுக்குக் குறைத்தார். தூரத்தில் ஒரு கோழி வீதியைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

“அப்ப அவங்க சொல்றது பொய் இல்லத்தானே?” என்று கேட்டார்.

“இல்ல மாமா. உண்மையாத்தான் இரிக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார், சொந்தக்காரர் ஒருவருக்கு நல்ல செய்தி வந்ததைப் போல.

அவருடைய வேனில்தான் நான் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை கல்முனைக்குப் போய்ப் படித்தேன். பல்கலைக்கழகம் முடித்து, அதே பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தபோதும் அதே வேன், இரண்டாவது வரிசையில் அதே ஜன்னலோரம், என்னுடைய அதே குறைந்த பேச்சு. வேகமும் மாறியிருக்கவில்லை. சைக்கிளில் மீன் கொண்டு போகிறவர்கள் எங்களை முந்திப் போவார்கள். பிள்ளைகள் அவர்களுக்குக் கை காட்டுவார்கள், அவர்களும் திரும்பிப் பார்த்துக் கை காட்டுவார்கள். சாய்ந்தமருதில் ‘ஆமை மிஹ்லார்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் வீடு தெரியும்.

“சின்னப் புள்ளயள் எண்டா நிறைகுடம் மாதிரி. குலுக்கினா சிந்திப் போயிரும்” என்பார், யாராவது வேகத்தைப் பற்றிக் கேட்டால்.

அவர் பிறந்தது இறக்காமத்தில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அப்படித்தான் அவர் சாய்ந்தமருதுக்கு, ஹாஜறா மாமியின் வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். “அந்த மனிசன் வேகமாச் செஞ்ச ஒரே வேல கலியாணத்துக்கு ஓம் எண்டு சொன்னதுதான்” என்று மாமி பெண்கள் கூடுகிற இடங்களில் சொல்லிச் சிரிப்பார். மாமாவுக்கும் அது தெரியும். மறுப்பதில்லை.

ஆனால் அவருடைய கைத்தொலைபேசி முழுவதும் வேகமான கார்கள். பாடசாலை விடும்வரை வேனை நிழலில் நிறுத்தி, காதில் வயரைச் செருகிக்கொண்டு காணொளி பார்ப்பார். ஆங்கிலம் விளங்காது, இரைச்சல் விளங்கும். கண்ணை மூடிக்கொண்டு “இது ஆறு சிலிண்டர்”, “இது எட்டு” என்பார். பாதி நேரம் பிழைக்கும். பிழைத்தாலும் அதே சந்தோசம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் தட்டைக் கார்களில் அவருக்கு விருப்பமில்லை. “குடும்பத்த எங்க ஏத்துற?” என்பார். நாலு கதவும் வேண்டும், அதற்குள் அந்த வேகமும் இருக்க வேண்டும்.

தடைப்பட்டிருந்த வாகன இறக்குமதி திரும்பவும் திறந்த வருடம் அது. என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறையான அஹ்ஸன் காக்கா கொழும்பில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறார். தன்னுடைய கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் கருநீல நிறத்தில் அப்படிப்பட்ட ஒரு காரை ஊருக்குக் கொண்டுவந்தார். பிறந்த பிள்ளையைப் பார்க்க வருவதைப் போல ஆட்கள் வந்தார்கள். மிஹ்லார் மாமா பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்தார். முற்றத்துக் குழாயில் கை கழுவி, சாரத்தில் துடைத்த பிறகுதான் காரைத் தொட்டார்.

சில்லுக் கம்பிகளுக்கு இடையால் பிரேக் தட்டு தெரிந்தது. “அல்லாஹ்வே, சஹன் அளவு இரிக்கே! ஆறு பேர் சுத்தி இரிந்து சோறு தின்னலாம்” என்றார். அஹ்ஸன் காக்கா எஞ்சினை இயக்கினார். முதலில் ஒரு இருமல். அதன் பிறகு, சத்தம் போட அவசியமில்லாத பெரிய மனிதர் ஒருவர் தொண்டைக்குள் கதைப்பதைப் போன்ற ஒரு குரல். மாமா கண்ணை மூடினார்.

“எட்டு.”

“சரி மாமா, எட்டுத்தான்” என்றார் அஹ்ஸன் காக்கா.

அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓடும் வேகம் முன் கண்ணாடியிலேயே எழுத்தாகத் தெரியும், குனிந்து பார்க்கத் தேவையில்லை. நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும், எந்தச் சில்லுக்கு எவ்வளவு பலம் என்பதைக் காரே தீர்மானிக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் பஞ்சு மெத்தை போல் ஓடும், இன்னொன்றைத் தட்டினால் இறுகி, குரல் மாறி, ஸ்டியரிங் பாரமாகும். வேகத்தடை வந்தால் மூக்கை உயர்த்திக்கொள்ள வேறொரு பொத்தான். முன்னால் யாராவது குறுக்கே வந்தால் அதுவே பிரேக் பிடிக்கும். வளைவில் திரும்பும்போது சீட்டின் இரு பக்கமும் ஊதி, ஆளை இடுப்போடு அணைத்துக்கொள்ளும்.

“தம்பி, நான் ஒரு தரம் ஓட்டிப் பாக்கட்டா? இந்த ஒழுங்கை முடியும் மட்டும்” என்று மாமா கேட்டார்.

கதிரையில் இருந்த அஹ்ஸன் காக்காவின் வாப்பா, அபுல் ஹஸன் பெரியப்பா, முந்திக்கொண்டார். “ஆமைக்கு எதுக்குடா குதிர? மிஹ்லார், நீ ஓட்டினா அந்த எஞ்சின் நித்திர கொண்டிரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் மறுநாள் வேன் கல்முனையை நெருங்கும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “நூறு வேணாம் மகள். அந்த முதல் தள்ளல் இரிக்கே, முதுகு சீட்டோட ஒட்டுமாமே, அது ஒரு தரம் கிடைச்சாப் போதும்.”

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு கலியாணம் வந்தது. மணப்பெண் ஸப்னா கல்முனைக்குடி. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை புறப்பட்டார். முன்னால் பொல்லடிக்காரர்கள், கம்புகளை ஒன்றோடொன்று அடித்து வட்டமாய் ஆடிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால், ஆள் நடக்கும் வேகத்தில் மாப்பிள்ளையின் நீலக் கார். அதற்கு அடுத்தது மிஹ்லார் மாமாவின் வேன். அதில் நான், அஹ்ஸன் காக்காவின் தங்கை நிப்லா, ஹாஜறா மாமி, இன்னும் பல பெண்கள். காரை ஓட்டியவர் கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஸமட். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

காரைச் சோடித்தது நிப்லா. விடியற்காலை சுபஹு தொழுத கையோடு இருந்து கட்டிய மல்லிகை மாலையை, ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குவரை, காரின் முன்பக்கம் முழுவதும் இறுக்கி ஒட்டியிருந்தாள்.

பிரதான வீதிக்கு ஏறியதுமே கார் பாய்ந்து நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பா மடியில் விழுந்தது. ஸமட் திரும்பவும் நகர்த்தினார். இரண்டு முழம் போகவில்லை, ‘டக்’ என்று நின்றது. தலைப்பா மறுபடியும் விழுந்தது. ஸமட் கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தார். கார் உறுமிக்கொண்டு எழும்பி, பொல்லடிக்காரர்களுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் தானாக நின்றது.

பொல்லடிக் குழுவை நடத்தும் அண்ணாவியார் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பினார். “தம்பி, மாப்பிள்ளையக் கொண்டு போறீங்களா, எங்கட காலுக்குக் குறி வெக்கிறீங்களா?”

“கார்தான் நிக்குது, நான் இல்ல!” என்றார் ஸமட்.

“அப்ப கார் இறங்கட்டும், நீங்க நில்லுங்க!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, வீதி முழுவதும் சிரிப்பு. அபுல் ஹஸன் பெரியப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் வேர்த்து வழிந்துகொண்டு வேனின் ஜன்னலுக்கு வந்தார்.

“மிஹ்லார், இறங்கு.”

“ஏன் காக்கா? நான் மெதுவாத்தானே வாறன்?”

“அதுக்குத்தான் இறங்கச் சொல்ற. இந்த ஊர்ல இவ்வளவு மெதுவா ஓட்டத் தெரிஞ்சவன் வேற ஆரு?”

மாமா ஹாஜறா மாமியைத் திரும்பிப் பார்த்தார். “என்னப் பாத்துக்கிட்டு நிக்காம போங்க, மாப்பிள்ள கிழவனாகிருவாரு” என்றார் மாமி. வேனை ஓட்ட ஸமட் வந்து ஏறினார். ஏறியதும் பெண்கள் அத்தனை பேரும் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

மாமா சீட்டில் அமர்ந்து பட்டியைப் போட்டார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். “மகள், இதுல மஞ்சளா என்னமோ எழுதிக்கிட்டு இரிக்கி. என்ன சொல்லுது?”

ஜன்னலால் எட்டிப் பார்த்து வாசித்தேன். முன்பக்க உணரி மறைக்கப்பட்டிருக்கிறது, சுத்தம் செய்யவும் என்று இருந்தது.

“எதால மறைஞ்சி?”

நான் மாலையைப் பார்த்தேன். நிப்லா என்னைப் பார்த்தாள். “மாலையக் கழட்டினா நான் கலியாணத்துக்கே வரமாட்டன்!” என்றாள், கண் கலங்கி.

தன் மூக்கோடு ஒட்டிக்கொண்டே ஏதோ நிற்கிறது என்று அந்தக் கார் இவ்வளவு நேரமும் பயந்துபோய் பிரேக் பிடித்திருக்கிறது. நாங்களோ அதற்கு மேலும் மேலும் மல்லிகைப்பூவை ஒட்டியிருக்கிறோம்.

மாமா இறங்கி வந்தார். “கழட்ட வேணாம் மகள். இவர்ர கண்ண மட்டும் துறந்து விடுவம். பூ தலையில இரிந்தாத்தானே வடிவு?” அவரும் நிப்லாவுமாக மாலையை அவிழ்த்து, கூரையின் முன் விளிம்பில் வளைத்துக் கட்டினார்கள். உண்மையில் முன்பை விட வடிவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. பிரேக்கிலிருந்து காலை ஒரு நூலளவு தளர்த்துவார், கார் நகரும். இன்னொரு நூல், இன்னும் கொஞ்சம். ஐந்நூறு குதிரைக்கு மேல் வலுவுள்ள எஞ்சின் என்றார்கள். அத்தனையும் பொல்லடிக் கம்புகளின் தாளத்துக்கு அடியெடுத்து நடந்தன. அண்ணாவியார் பின்னால் பார்க்காமலே ஆடினார். கல்முனைக்குடி வேகத்தடையில் மாமா மூக்கை உயர்த்தும் பொத்தானைத் தட்ட, கார் சலாம் சொல்வதைப் போல் நிமிர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண் வீட்டு வாசலில் பெண்களின் குரவை ஒலி எழுந்தது. ஸப்னாவின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கிக்கொண்டான். எல்லோரும் உள்ளே போன பிறகும் மாமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே இருந்தார்.

அடுத்த வாரம் அஹ்ஸன் காக்கா அவரைத் தேடி வந்தார். “மாமா, தலைப்பா விழாமக் கொண்டு போய்ச் சேத்தீங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

மாமா யோசிக்கவே இல்லை. “அந்தத் தள்ளல்.”

வெள்ளிக்கிழமை காலை, சம்மாந்துறை தாண்டி மல்வத்தைப் பக்கம் போனோம். மாமா ஸ்டியரிங்கில், பக்கத்தில் அஹ்ஸன் காக்கா, பின்னால் ஸப்னாவும் நானும். இரண்டு பக்கமும் சின்னப்போக வயல் பச்சை. வீதி நேராக, ஆளில்லாமல் கிடந்தது. மாமா நிறுத்தி, இறங்கி, முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு ஏறினார்.

“நூறு வரைக்கும் போங்க மாமா.”

“சட்டம் எழுபதுதானே தம்பி. எழுபது போதும்.”

பொத்தானைத் தட்டினார். சீட்டுகள் இறுகின. இடது காலால் பிரேக், வலது காலால் எக்ஸிலேட்டர். எட்டு சிலிண்டரும் ஒன்றாய்க் குரலெடுத்தன. “பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர்…” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. என் தலை சீட்டில் போய் ஒட்டியது. வயல் பச்சைத் துணியைப் போல் இழுபட்டது. ஸப்னா படம் பிடித்துக்கொண்டிருந்த கைத்தொலைபேசி பறந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. “…ரஹீம்” என்று அவர் முடித்தபோது கண்ணாடியில் எழுபது தெரிந்தது. காலை எடுத்துவிட்டார்.

பிறகு மாமா சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, கண்ணீர் வர, வீதியோரம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். “கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தள்ளுது தம்பி! சொந்தப் புள்ள மாதிரிக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தள்ளுது!”

“இன்னொருக்கா?”

“வேணாம் தம்பி. நிறைஞ்சிட்டு.”

திரும்பி வரும்போது முப்பதில் ஓட்டினார். மாவடிப்பள்ளியில் ஒரு முச்சக்கரவண்டி எங்களை முந்திப் போனது. அதை ஓட்டியவர் காரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். ஸப்னா கைத்தொலைபேசியைத் தேடியெடுத்துப் பார்த்தாள். காரின் தரைவிரிப்பும், அதற்கு மேலால் நாங்கள் கத்துவதும் மட்டும்தான் பதிவாகியிருந்தன.

தன் வீட்டு ஒழுங்கை வந்ததும் மாமா காரை நிறுத்தினார். உள்ளே போகவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“மகள், எனக்கு ஒரு உதவி செய்வியா? நான் இண்டைக்கு வேகமா ஓட்டினன் எண்டு சொன்னா ஹாஜறா ‘ஓம், ஓம், சோத்தத் தின்னுங்க’ எண்டுட்டுப் போயிருவா. நீ கதைக்கிறதே குறைவு, அதால நீ சொன்னா நம்புவா. உள்ளுக்கு வந்து நீ ஒருக்காச் சொல்லு. உன்ட பழக்கத்துக்கு மெதுவாச் சொல்லாத. பக்கத்து ஊட்டுக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லு.”