ஆல்பம் அக்கா ஏன் இறங்கினாள்?

பேருந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த அந்த முகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கீழே, சோதனைச் சாவடியின் ஓரத்தில் நின்றிருந்தேன். அவள் மேலே, நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வந்த இருக்கையில். சட்டப்படி இறங்கியிருக்க வேண்டியவள் அவள். இறக்கப்பட்டவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், பள்ளிப் படிப்பு முடிந்ததும் செங்கல்பட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டி ஆல்பம் செய்கிறவள் என்பதால் அவளை எல்லோரும் ஆல்பம் அக்கா என்போம். சிறுமியாக இலங்கையிலிருந்து படகில் வந்து, தாயோடு அகதிகள் முகாமில் இருந்தாள். பகலில் வெளியே வேலைக்கு வர அனுமதி உண்டு. மாலையில் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். செங்கல்பட்டைத் தாண்டக் கூடாது. நர்சிங் படிக்க இடம் கேட்டுப் போய், வெளிநாட்டுக்காரி என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அதை யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததைப் போலச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

எப்போதாவது கடைக்கு வரும் தாயிடம் அவள் பேசும் இலங்கைத் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். எங்களிடம் பேசுவதோ அசல் கடைத்தெருப் பேச்சு. என் கதை நேர்மாறு. அப்பா மதுராந்தகத்தில் தமிழாசிரியர். வீட்டில் ஒரு சொல்லைக் கொச்சையாகச் சொன்னாலும் திருத்துவார். "ஏ வாத்தியார் பொண்ணு, இன்னா பாஷை பேசிகினு கீற? தமிழ்ல பேசு" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

ஒருநாள் மாமல்லபுரத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்ட முதலாளி என்னை அனுப்பினார். "நானும் வரேன், சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்" என்று அக்கா கூடவே பஸ் ஏறிவிட்டாள். முதலாளியும் தடுக்கவில்லை. வேலை முடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். வாடகை சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவங்களும் பாரின்தான?"

"ஆமாம்."

"அப்ப இவங்களுக்கு யாரு ஆஜர் எடுக்கறது?"

விளையாட்டாகக் கேட்கிறாளா என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்தினார்கள். அனுமதியில்லாமல் சுற்றும் இலங்கைக்காரர்களைத் தேடி அந்த நாட்களில் அது வழக்கம்தான். காவலர் ஒருவர் எங்கள் இருக்கைக்கு வந்து எந்த ஊர் என்று கேட்டார். அக்கா கொட்டாவி விட்டபடி, "செங்கல்பட்டுதான் சார், வேலைய முடிச்சிகினு வூட்டுக்குப் போறோம்" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். பயத்தில் அப்பாவின் தமிழ்தான் என் வாயில் வந்தது. "மதுராந்தகம், ஐயா. வேலையாக மாமல்லபுரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறோம்."

"இன்னா தமிழ் இது? சிலோனா? எறங்கு."

இறங்கினேன். எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, அடையாள அட்டை எங்கே என்று கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல என் தமிழ் இன்னும் சுத்தமாகிக்கொண்டே போனது. கண்டக்டர் விசில் கொடுக்கத் தயாரானார். அப்போதுதான் அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன்.

அக்கா இறங்கி வந்தாள். தாயிடம் மட்டும் பேசும் அந்தத் தமிழில், அவசரமில்லாமல் சொன்னாள்: "சேர், நீங்கள் தேடுற ஆள் நான்தான். அந்தப் பிள்ளையை விடுங்கோ."

என்னை அடுத்த பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். முதலாளி போய்ப் பேசி இரவுக்குள் அவளை முகாமில் சேர்த்தார். ஆனால் வெளியே வரும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அவளுடைய மேசையில் பாதி ஒட்டிய ஆல்பத்தை நான்தான் முடித்தேன்.

சில வாரங்கள் கழித்து முகாம் வாசலில் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் போனால் அப்பாவே வந்து என்னைக் கூட்டிப் போயிருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

"நீ எறங்கிப் போனப்ப, என்னையே இட்டுகினு போற மாரி இருந்துச்சு. நான் மேல குந்திகினு பாக்கறேன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"தெர்ல, வாத்தியார் பொண்ணு. மெய்யாவே தெர்ல."

அதன்பின் மறுபடி அனுமதி கிடைத்து வேலைக்கு வந்தாள். இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த ஓர் ஆண்டில் தாயும் மகளும் ஊருக்கே திரும்பிப் போனார்கள். கேட்கிறவர்களிடம் என்னைக் காப்பாற்ற இறங்கினாள் என்றுதான் சொல்கிறேன். அவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

அங்கிருந்து ஒரே ஒருமுறை ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள். "இங்க நான் வாயத் தொறந்தா நீங்கள் இந்தியாவோன்னு கேக்கறாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான், அவள் சிரித்தாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.