எந்தக் கோடு சிவப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு ஃபிரேம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். சோழவரத்திலிருந்து கம்பெனி பஸ். ஏசி அறையில் வேலை என்று ஊரில் எல்லோருக்கும் பொறாமை. அந்த ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, எனக்காக இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

எங்கள் வேலை இப்படி: கியர்பாக்ஸ் உட்காரும் ஃபிரேமை முதலில் வெல்டிங் செய்வார்கள். சூட்டில் இரும்பு கோணிக்கொள்ளும். அதனால் மேல் தகட்டைக் கொஞ்சம் தடிமனாகவே வைத்துப் பற்றவைத்துவிட்டு, பிறகு மெஷினில் ஏற்றிச் சமமாகச் சீவுவார்கள். சீவுவதற்கு முன் ஃபிரேம் எப்படி இருக்கும், சீவிய பின் எப்படி இருக்கும் என்று இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்திருப்பேன். ஒரு கிளிக்கில் முன், இன்னொரு கிளிக்கில் பின். தாளில் மட்டும் தனித்தனி. முதல் ஷீட் வெல்டிங் ஷெட்டுக்கு, இரண்டாவது மெஷின் ஷெட்டுக்கு.

புதிதாக வந்த டிசைன் இன்சார்ஜுக்கு இது பிடிக்கவில்லை.

"எதுக்குமா ரெண்டு ஷீட்? ஒண்ணுமேல ஒண்ணு போட்டுக் காட்டு. மெஷினிங்குக்கு முன்னாடி செவப்பு, பின்னாடி பச்சை. மேல கியர்பாக்ஸையும் உக்கார வை. பாக்கவே ஜம்முனு இருக்கும்."

"சார், ஷெட்டுக்குப் போற பிரிண்ட் கறுப்பு வெள்ளை."

"சொன்னதச் செய்யுமா."

செய்தேன். திரையில் ஜம்மென்றுதான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஷீட் போனது பழவேற்காட்டு வெல்டர் அண்ணனிடம். காண்ட்ராக்ட் ஆள். எத்தனையோ ஃபிரேம் பற்றவைத்தவர். சீவிய பிறகு இருக்கவேண்டிய தடிமனிலேயே தகடு எடுத்துப் பற்றவைத்துவிட்டார். மெஷினில் ஏற்றினால் சீவுவதற்கு இரும்பே இல்லை. ஃபிரேம் ரிஜெக்ட். டிராயிங் பார்க்கத் தெரியாதவன் என்று சொல்லி, அண்ணனின் கேட் பாஸை வாங்கி வைக்கும்படி செக்யூரிட்டிக்கு உத்தரவு போட்டுவிட்டார் இன்சார்ஜ். மறுநாளிலிருந்து உள்ளே விடக்கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் கேட் பக்கம் அண்ணன் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"டிராயிங்க பாத்துக்கினுதாம்மா எடுத்தேன். இப்ப மறுபடி அத்திப்பட்டுல போயி காண்ட்ராக்டர் முன்னாடி நிக்கணும். கூப்ட்டா வேலை, இல்லாங்காட்டி இல்ல. பொண்ணு பத்தாவது படிக்குது. ஊட்ல இன்னான்னு சொல்றது? ஒரே பேஜாரா கீது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்ணம் வேண்டும் என்று கேட்டவர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார், வண்ணத்தையே பார்க்காதவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். ஷெட்டிலிருந்து அந்த எண்ணெய்க் கறை படிந்த பிரிண்டை எடுத்துக்கொண்டு, "வாங்கண்ணா" என்று அவரையும் கூட்டிக்கொண்டு நேரே இன்சார்ஜ் மேஜைக்குப் போனேன்.

"சார், இதுல செவப்புக் கோடு எதுன்னு காட்டுங்க."

"என்னமா விளையாட்டு இது?"

"நீங்க போடச் சொன்ன செவப்புதான் சார். காட்டுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாளில் எல்லாம் கறுப்பு. தகட்டின் கோடு, கியர்பாக்ஸ் காலின் கோடு, முன், பின் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. தாளைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கோட்டில் விரலை வைத்து, "இதோ, இதான். இதுகூடவா தெரியல?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

ஃபைலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரல் வைத்திருந்தது பச்சைக் கோடு. சிவப்பு அதற்குச் சற்று மேலே, கியர்பாக்ஸின் காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கியர்பாக்ஸின் கோடு என்று விட்டிருந்தார். இவரும் அப்படித்தான் விட்டார்.

இன்சார்ஜ் விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு இன்டர்காமை எடுத்து, "அந்த வெல்டர் பாஸைக் குடுத்துடு" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். அண்ணன் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார், சட்டைப் பையில் பாஸ் குத்தியிருந்தது.

"இன்னாமா, இன்னிக்கு ரெண்டு ஷீட்டா?"

"ரெண்டுதாண்ணா."