காசியில் காத்திருந்த அக்காவும் துவாரகாவில் திறந்த வரைபடமும்

டெல்லிக்கு உறவுக்காரர்களை வரவழைத்துச் சுற்றிக்காட்டும் எண்ணம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஏற்பாட்டில் இறங்குங்கள். டெல்லிக்குள்ளேயே ஜனக்புரியிலிருந்து துவாரகா வரை நான் போனது சுமார் பத்து கிலோமீட்டர்தான். இமயமலைக்குப் போய் வந்தவர்கள்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மன்னார்குடியிலிருந்து என் அக்கா, தெருப் பெண்கள் பதினொரு பேரைத் திரட்டிக்கொண்டு காசிக்கு வந்திருந்தாள். அங்கிருந்து டெல்லி வருவதாகப் பேச்சு. அரசு அலுவலக உணவகத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு எட்டாவதுதான், ஆனால் செயலாளர்களே என்னிடம் வழி கேட்டுத்தான் டெல்லிக்குள் போவார்கள். இங்கே வந்து முப்பது வருஷமாகியும் அக்கா ஒரு முறைகூட என் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசையில் போவார்கள், நான் ஒருவன்தானே? அதனால் கோயில், கடைத்தெரு, கோட்டை எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்த வரைபடம் ஒன்றை அவரவர் கைபேசிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புள்ளியைத் தொட்டால் விவரம் விரியும். விவரம் முழுக்கத் தமிழில், என் கைவண்ணம்.

காலையில் அக்கா போன் செய்தாள். "தம்பி, இந்தி தெரியாத ஊர்ல நாங்க எங்க போயி முழிச்சிக்கிட்டு நிப்போம்? நீ சொன்ன மேப்பு சாயங்காலத்துக்குள்ள கைக்கு வந்தா டெல்லி. வரலேன்னா இங்கேருந்தே ஊருக்கு ரயிலு. டூர்காரரு அஞ்சு மணிக்குள்ள பதில் கேக்குறாரு."

வரைபடம் செய்தது என் மகள் நித்யா. டெல்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் அலுவலகத்தில் இதையெல்லாம் கோடிங் நோட்புக்கில் செய்வார்களாம். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும்; பெட்டிக்குள் நிரலை எழுதிப் பொத்தானைத் தட்டினால் கீழேயே விடை வரும். என் வரைபடமும் அங்கே ஜோராக வந்தது. இழுத்தால் நகர்ந்தது, தொட்டால் விரிந்தது. அதைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்கப் போனால்தான் சிவப்பு எழுத்தில் பத்து வரி வசவு.

"அப்பா, உங்க தமிழ்லதான் அடிக்குது. எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திடலாமா? ஜல்தி வேலை முடியும்" என்றாள்.

"உங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா அவ எதுக்கு மேப்பு கேக்கப் போறா?" என்றேன்.

துவாரகாவில் நித்யாவின் தோழி சித்ரா இருக்கிறாள். ஈரோட்டுப் பெண், விமான நிலையத்தில் கணினி வேலை. போனில் பத்து வரி வசவையும் வாசித்துக் காட்டியதில் அவளுக்குத் தலை சுற்றி, "லேப்டாப்பத் தூக்கிட்டு வந்துருங்க" என்றாள்.

ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மதியம் இரண்டு மணிக்கு மெட்ரோ ஏறினோம். செக்டார் 12 வரை ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். ரயில் பறந்தது, என் அவசரம் ஓட்டுநருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இறங்கி மின்ரிக்‌ஷா, ஆளுக்குப் பத்து ரூபாய். டெல்லியின் மொத்த வரைபடமும் என் பையில் இருப்பதாக ரிக்‌ஷாக்காரரிடம் இந்தியில் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "அச்சா? மேரா ஸ்டாண்ட் ஹை உஸ்மே?" என்றார். அவருடைய ஸ்டாண்டு அதில் இல்லை. நித்யா தெருப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்ரா எங்களை உட்காரவைத்து, அவர்கள் ஊரில் ஒப்பிட்டு என்று சொல்லும் போளி கொடுத்தாள். நெய் மணக்கும் அந்த இனிப்பை இரண்டு சாப்பிடுவதற்குள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அங்கிள், உங்க தமிழ் மேல தப்பே இல்லீங்க. கோப்புல எழுதச் சொன்ன நித்யா, எந்த எழுத்து முறையில எழுதோணும்னு சொல்லலீங்க. சொல்லாட்டி இந்தக் கம்ப்யூட்டரு அதுபாட்டுக்குப் பழைய முறை ஒண்ணப் புடிச்சுக்குது. அதுல தமிழுக்கு எடமே இல்லீங்க."

கோப்பைத் திறந்து எழுதும் வரியில், அடைப்புக்குறி முடிவதற்கு முன் ஒரு காற்புள்ளி போட்டு, encoding="utf-8" என்று சேர்த்தாள். பொத்தானைத் தட்டினாள். வசவு இல்லை. கோப்பு வந்து உட்கார்ந்தது.

"நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றேன்.

"அப்பா!" என்றாள் நித்யா.

கோப்பை அக்காவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினோம். நான்கரைக்கு அவள் போன் வந்தது. பின்னால் பெண்கள் சத்தமாக வாசிக்கும் குரல்கள்.

"ஏண்டா தம்பி, செங்கோட்டையத் தொட்டா, 'இதன் மூலைமுடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி'ன்னு வருது. கோட்டையப் பத்தி ஒண்ணையும் காணோமே?"

"அது முன்னுரை, அக்கா."

"எல்லாம் இருக்கு. உன் வீடு எங்கடா?"

இருபது இடத்துக்குப் புள்ளி வைத்தவன் என் வீட்டுக்கு வைக்கவில்லை. வந்தால் நான்தானே அழைத்துப் போகப் போகிறேன் என்று விட்டிருக்கிறேன். சித்ரா சிரித்துக்கொண்டே இருபத்தொன்றாவது புள்ளியைச் சேர்த்தாள். பெயர் என்ன போடுவது என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி அனுப்பினோம். ஐந்து மணிக்கு முன்பே அக்கா, "டெல்லிக்குச் சொல்லிட்டேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இப்படி ஒரு பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்துப் போங்கள், நாங்கள் மறந்தோம். கோப்பைக் கைபேசியில் இறக்கி, உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாவிட்டால் புள்ளிகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். உங்கள் கணினியில் திறந்தது என்று நிம்மதி அடையாமல், வேறொருவர் கைபேசியில் திறந்து பாருங்கள். கெட்டிக்காரர் ஒருவர் உதவ முன்வந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். நான் வெறுங்கையோடு போனேன். அடுத்த வாரம் இரண்டு கிலோ ஆப்பிளோடு மறுபடி துவாரகா போய் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுபடியும் ஒப்பிட்டு கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, அவர்களை அழைத்துவர நான் மெட்ரோ நிலையத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதே அழைப்புமணி அடித்தது. பன்னிரண்டு பெண்கள் மாடிப்படி முழுக்க நின்றார்கள். யாரிடமும் வழி கேட்காமல் வரைபடத்தைப் பார்த்தே வந்துவிட்டார்களாம். அக்கா கைபேசியைப் பார்த்தாள், என் இரண்டு அறைகளைப் பார்த்தாள்.

"ரங்கநாதன் மாளிகைன்னு போட்டிருக்கு. இதானாடா?"

"இதுதான், அக்கா."

"நல்லாத்தான் இருக்கு, தள்ளு" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள்.