சீட்டில்லாத பூசணி

அந்தப் பூசணிக்காய் எங்கள் வீட்டுக் கழிப்பறையின் கூரையில் காய்த்தது. அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறை. கட்டி முடித்து ஒன்றரை வருடம் அதற்குத் தண்ணீர் இணைப்பு வரவில்லை. சும்மா நிற்கிறதே என்று அம்மா சுவரோரம் இரண்டு விதை ஊன்றினாள். ஒன்று முளைத்தது. கொடி தகரக் கூரைமேல் ஏறி ஒரே ஒரு காய் பிடித்தது. ஐப்பசியில் பார்த்தால், ஒரு ஆள் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய மஞ்சள் பூசணி. அடிப்பக்கம் மட்டும் தகரத்தின் அச்சு பதிந்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"இது மலைக்குப் போகுது," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழம நீயும் வர்ற."

அம்மா பதினாறு வருடமாக ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறாள். விடியும் முன் கம்பத்தில் ஜீப் ஏறினால், செக்போஸ்ட் தாண்டி, கேரளத்துப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்கு ஏழரைக்குப் போய்விடலாம். தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஊர் உண்டு. ஒரு தெரு, இரண்டு டீக்கடை, மேட்டில் ஒரு தேவாலயம். அங்கே வருடா வருடம் ஐப்பசிக் கடைசியில் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அந்தச் சபை வேறு. "நம்ம கோயில் இல்லையேம்மா," என்றேன்.

"வேல அங்கனதான பாக்குறேன்," என்றாள்.

அதற்குமேல் ஒரு காரணம் இருந்தது. அந்த ஏலத்தில் பொருளைத் தூக்கிக் காட்டும்போது, கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு முறை யாராவது விலை கூட்டும்போதும் பெயரைத் திரும்பவும் சொல்வார்கள். அது அங்குள்ள வழக்கம். ஆனால் கீழேயிருந்து ஜீப்பில் வரும் பெண்கள் கொண்டுவருவதையெல்லாம் ஒரே சாக்கில் போட்டு, "ஜீப்புக்காரம்மாமார் காணிக்கை" என்று ஒரே வாயில் முடித்துவிடுவார்கள். ஜீப்பில் பன்னிரண்டு பேர். போன வருடம் அம்மா கொண்டுபோன முருங்கைக்காய்க் கட்டும் அந்தச் சாக்கோடு போனது. பெயர்களைச் சொல்லித்தான் கொடுத்தார்களாம். யாரும் எழுதிக்கொள்ளவில்லையாம்.

"இந்த வருசம் எழுதுறதுக்கு எனக்கு ஆள் இருக்கு," என்று ஜீப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பி.காம் முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்தப் படிப்பும் எழுத்தும்தான் காரணம்.

ஞாயிறு காலை ஜீப்பில் பூசணியை என் மடியில் வைத்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்.

"ஏலே, பாத்துப் பிடி. ஒங்காத்தா ஒன்னையக்கூட இம்புட்டுப் பத்தரமா வளக்கல," என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

"அவன வளத்து என்னத்தக் கண்டேன்? இது ஆறு மாசத்துல காச்சுருச்சு," என்றாள் அம்மா.

மேலே போனபோது மழை விட்டிருந்தது. மூடுபனியில் தேவாலயத்தின் பாதிதான் தெரிந்தது. உள்ளே பீடத்தைச் சுற்றிக் கரும்பு, வாழைத்தார், மிளகு, காப்பிப்பழம், சேனைக்கிழங்கு, சௌசௌ, காலைக் கட்டிய இரண்டு சேவல்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். அங்கே யாரும் போடவில்லை. பின்னால் வந்த பதினொரு பேரும் அம்மாவைப் பார்த்துப் போட்டார்கள். அதில் நான்கு பேர் இந்துக்கள்.

சபைச் செயலாளர் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்தான் ஏலமும் விடுவார். நான் பூசணியை இறக்கி வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"தம்பி படிச்சவரா?"

"பி.காம், ஐயா."

"நல்லதாப் போச்சு. எழுதுற பையனுக்குக் காய்ச்சல். எல்லாத்துக்கும் பேர் கேட்டுச் சீட்டு எழுதி ஒட்டிருங்க. சீட்டுல என்ன இருக்கோ அதத்தான் நான் வாசிப்பேன்." மார்க்கரும் டேப்பும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கொடுத்தார். போகும்போது திரும்பி ஒன்று சொன்னார். "சீட்டு ஒட்டாம பெரிய மத்தங்கா ஒண்ணு கிடந்தா, அதுல கை வைக்காதீங்க. அது பங்களாவுலருந்து முதலாளி அனுப்புறது. வருசா வருசம் டிரைவர் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவார். பங்களாக் காய்க்கு நம்ம சீட்டு எழுதுறது மரியாத இல்ல."

மத்தங்கா என்பது அங்கே பூசணிக்குப் பெயர். சரி என்றேன்.

அம்மா வந்து என் காதருகே, "மொதல்ல நம்ம காய்க்கு எழுதிரு," என்றாள்.

இங்கேதான் நான் யோசித்தேன். ஒரு பொறுப்பில் அமர்ந்தவன் தன் வீட்டு வேலையை முதலில் செய்துகொண்டால் அது முறையில்லை. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பத்து நாள் இருந்தபோது, பந்தியில் பரிமாறுகிறவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. "எல்லாருக்கும் எழுதிட்டுக் கடைசில எழுதுறேம்மா," என்றேன்.

அம்மா பாயில் போய் உட்கார்ந்தாள்.

நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயர், ஊர், பொருள் என்று மூன்று வரியில் எழுதி ஒட்டினேன். ஜீப்புப் பெண்களின் பொருள்களைச் சாக்கிலிருந்து தனித்தனியாக எடுத்து வைத்தேன். புளிக்கு ஒரு சீட்டு, அவரைக்காய்க்கு ஒரு சீட்டு. சேவலுக்கு எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் காலில் கட்டினேன். எழுதி முடித்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு திருப்தி இருந்தது. அப்போது ஒருவர் பால் விடாத கட்டங்காப்பியும் பன்னும் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே போனேன். மணி அடித்தது. ஆராதனை தொடங்கியது.

ஏலம் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நடந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். புளி போனது. தன் பெயர் மைக்கில் கேட்டதும் அதைக் கொடுத்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவரைக்காய் போனது. ஜீப்புப் பெண்கள் பதினொரு பேரின் பெயரும் வரிசையாக மலையில் ஒலித்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்து பூசணியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். செயலாளர் அதைச் சுற்றிப் பார்த்தார். சீட்டு இல்லை. குரலைச் சற்றுத் தாழ்த்தி, "நம்ம முதலாளி ஐயா பங்களாவுலருந்து வந்திருக்குற காணிக்கை," என்றார்.

என் கையில் மீதித் தாள் கட்டு இருந்தது. மார்க்கர் சட்டைப் பையில் இருந்தது. பங்களாவிலிருந்து அந்த வருடம் காய் எதுவும் வரவில்லை; கடைசியில் எழுதுகிறேன் என்று சொல்லி நான் எழுத மறந்த எங்கள் காய்தான் அது. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் ஜீப்புப் பெண்களுக்கும் தெரியும்.

தோட்ட மேனேஜர் எழுந்து, "ஐந்நூறு," என்றார். முதலாளி வீட்டுக் காய் மலிவாகப் போனால் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "ஆயிரம்," என்றார் ஏலக்காய் வியாபாரி ஒருவர். அவருக்கு முதலாளியிடம் காரியம் இருந்திருக்கும். ரெண்டாயிரம், மூவாயிரம் என்று போய், நாலாயிரத்து ஐந்நூறில் மேனேஜருக்கு முடிந்தது. அன்றைய ஏலத்தில் அதுதான் பெரிய விலை. எல்லோரும் கை தட்டினார்கள். காயைக் கொண்டுபோய் மேனேஜர் மடியில் வைத்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆண்கள் பக்கத்தின் நடுவே நடந்து, மேசைக்குப் போனாள்.

"ஐயா, அது என் காய்."

"எதும்மா?"

"அந்தா, சார் மடில இருக்குதே."

"அது பங்களாக் காய்மா."

"பங்களாவுல இல்லய்யா. எங்க வீட்டுக் கக்கூசு மேல காச்சது."

மைக் அணைக்கப்படவில்லை. மேனேஜர் காய்மேல் வைத்திருந்த கையை எடுத்தார்.

"அடில தகரத்தோட வரி இருக்கும். பெரட்டிப் பாருங்க," என்றாள் அம்மா. புரட்டினார்கள். வரி இருந்தது. மேனேஜர் அதில் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, "ஐயா, சீட்டு ஒட்டும் பணியில் ஏற்பட்ட விடுபாடு. முழுப் பொறுப்பும் என்னுடையது," என்றேன். ஜெராக்ஸ் கடையில் மனு எழுதிப் பழகிய மொழி. பெண்கள் பக்கத்திலிருந்து, "என்ன சொல்லுறான்?" என்று ஒரு குரல் கேட்டது. "மறந்துட்டானாம்," என்று இன்னொன்று பதில் சொன்னது.

செயலாளர் அம்மாவிடம் தன்மையாகத்தான் பேசினார். "அம்மா, காணிக்கை ஆண்டவருக்குக் குடுத்தது. யார் குடுத்தாகன்னு அவருக்குத் தெரியும்ல?"

"அவருக்குத் தெரியும்யா. இவுகளுக்குத் தெரியாதுல்ல."

போதகர் வந்து மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். மூடியும் கேட்டது. "முதலாளி காய்ன்னு நினைச்சுத்தான் அவர் இந்த விலை கேட்டார். உங்க பேர் சொல்லணும்னா முதல்லருந்து கூப்பிடணும். விலை ரொம்பக் குறைஞ்சு போகும்மா. சமையல்கூடத்துக்குக் கூரை போட வச்சிருக்கிற பணம். யோசிச்சுச் சொல்லுங்க."

அம்மா யோசிக்கவில்லை. "கொறையட்டும்," என்றாள்.

என்னைச் சீட்டு எழுதச் சொன்னார்கள். மேசைமேல் தாளை வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வீட்டுக்காரர் பேர் போட்டுக் குடும்பத்தார்னு எழுதுங்க தம்பி, அதான் முறை," என்றார் செயலாளர்.

"அவரு ஒருநா தண்ணி ஊத்தலைய்யா," என்றாள் அம்மா. "எம்பேர மட்டும் எழுதுடா."

எழுதினேன். அன்று எழுதியதிலேயே அதுதான் கோணலாக இருந்தது.

செயலாளர் சீட்டைப் பார்த்து அம்மாவின் பெயரையும் ஊரையும் வாசித்தார். "ஐம்பது ரூபாயில் ஆரம்பிக்கிறோம்," என்றார். ஆண்கள் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் எங்கோ பார்த்தார். வியாபாரி போனை எடுத்துப் பார்த்தார்.

"அறுவது," என்றார் புளி கொடுத்த அக்கா.

அறுபது ரூபாய் என்று சொல்லி, வழக்கப்படி செயலாளர் அம்மாவின் பெயரைத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டதும் ஜீப்புப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுவது," என்றார் அவரைக்காய் அக்கா. பெயர். "எம்பது." பெயர். "தொண்ணூறு." பெயர். ஒரே பாயில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், எதிரிகள் மாதிரி விலை ஏற்றினார்கள். நூற்று இருபது வரை செயலாளருக்குப் புரியவில்லை. புரிந்தபோது, "அம்பது அம்பதா ஏத்துங்கம்மா," என்றார்.

"எங்கட்ட அம்புட்டு இல்லய்யா. பத்துதான் முடியும். நூத்தி முப்பது."

இருநூறு தாண்டியதும் அவருக்குத் தொண்டை கட்டியது. பெயரில் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"முழுசாச் சொல்லுங்க! ஊரையும் சேத்துச் சொல்லுங்க!" என்று பாயிலிருந்து சத்தம் வந்தது. சொன்னார். சமையல்கூடத்திலிருந்து ஒருவர் வந்து, சோறு ஆறுகிறது என்று போதகரிடம் சொல்லிவிட்டுப் போனார். இருநூற்று எழுபது. அம்மா மேசைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லேசாகத் தலையசைத்தாள், ஆஜர் எடுக்கும்போது பதில் சொல்கிற மாதிரி.

முந்நூற்று நாற்பதில் மேனேஜர் எழுந்தார். "ஐந்நூறு. சாப்பாடு போடுங்கப்பா," என்றார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒவ்வொரு தரத்துக்கும் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு, செயலாளர் உட்கார்ந்து வெந்நீர் கேட்டார். நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய காயை ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டு மேனேஜர் பந்திக்குப் போனார். பந்தியில் எனக்கு இலை போட்டவர், "நீங்கதான் அந்தச் சீட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இறங்கும்போது மடி காலியாக இருந்தது. செக்போஸ்ட் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாண்டியதும் கேட்டாள்.

"எத்தன தடவ சொன்னாக?"

"எதைம்மா?"

"எம்பேர."

"எண்ணலைம்மா."

"எண்ணலையா? பெறகு எதுக்குலே படிச்ச?"

முப்பத்து நான்கு என்றார் புளி அக்கா. கடைசி மூணு தரத்தைச் சேர்க்காமல் முப்பத்தொன்று என்றார் இன்னொருவர். சேர்க்க வேண்டுமா கூடாதா என்று ஜீப் இரண்டாகப் பிரிந்தது. ஜீப் டிரைவர் ஒலிபெருக்கிக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி உள்ளே படுத்திருந்தாராம். நாற்பதுக்குக் குறையாது என்றார். அம்மா அவரை நம்புவது என்று முடிவு செய்தாள்.