நோன்பிருந்த மூச்சு

ஈழை நோய் என்று நான் எழுதினாலும், எங்கள் ஊரார் அதனை முட்டு என்றே சொல்வர். நெடுங்காலம் என்னோடு உறைவதால் அதன் விருப்பு வெறுப்புகளை நன்கறிவேன். மிளகாய் வறுக்கும் நெடி அதற்கு ஆகாது. ஆதலால் தாச்சியை அடுப்பில் ஏற்றுமுன் என் மனைவி, "வறுக்கப்போறன், வெளிக்கிடுங்கோ" என்று குரல் கொடுப்பாள்; நான் நாளிதழும் கையுமாக வாசற் படலையடிக்குப் போய்விடுவேன். சுன்னாகச் சந்தையில் வெங்காயச் சருகு பறக்கும் பக்கம் தலைகாட்டுவதில்லை. மேசையில் இரண்டு மருந்துக்குழல்கள் இருக்கும். நீலக் குழல் மூச்சு முட்டியவுடன் உதவுவது. மண்ணிறக் குழல் முட்டு வராமற் காப்பது. நலமாயிருக்கும் நாளிலும் காலையும் இரவும் அதனை இழுத்து, வாய் கொப்பளிக்க வேண்டும். ஊரார்க்கு இரண்டும் பம்ப்தான்.

மூச்சு எனக்கு இன்னொன்றுக்கும் வேண்டியிருந்தது. எங்கள் முருகன் கோயிலில் கந்தசட்டி நாள்களில் புராணம் படிப்பவன் நான். ஒருவர் பாட்டை இசையோடு படிக்க, மற்றவர் பொருளை விரித்துரைப்பார். அதனைப் பயன் சொல்லுதல் என்போம். பயன் சொல்பவர் என் நண்பர், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். சூரன் மாமரமாகி நிற்கும் இறுதிநாட் பாட்டை ஒரே மூச்சில் படித்து முடிப்பது என் பெருமை. அந்தப் பெருமை சென்ற ஐப்பசியில் ஆட்டங்கண்டது.

நோன்பு தொடங்கிய காலை, மண்ணிறக் குழலைக் கையிலெடுத்தபோது ஐயம் எழுந்தது. மாலைப் பூசையின் பின் பாலும் பழமும் கொள்வதன்றி வேறெதுவும் வாய்க்குள் புகலாகாது என்பது என் நோன்பின் நெறி. குழலை மூடி வைத்தேன்.

"மருந்தும் சாப்பாடே?" என்றாள் மனைவி.

"வாய்க்குள்ளை போறதெல்லாம் சாப்பாடுதான்."

"அப்ப வாயாலை வாறதையும் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. விரதம் இன்னும் சுத்தமாயிருக்கும்."

முதலிரு நாள்கள் ஒரு குறையுமில்லை. இரண்டாம் நாள், நோன்பே மருந்து என்று நண்பரிடம் நீள விளக்கினேன். அன்று பயன் சொல்லும் வேலையை நானே பறித்துக்கொண்டேன் எனலாம். அதற்கடுத்த மாலை, சாம்பிராணிப் புகை மண்டபத்தில் சூழ்ந்திருந்த வேளை, ஒரு பாட்டின் பாதியில் நெஞ்சு இறுகியது. அடி முடியுமுன் மூச்சு முடிந்தது. நண்பர் நிலைமையை உணர்ந்து, படிக்கப்படாத மீதி அடிகளுக்கும் சேர்த்துப் பயன் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே என்பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "சூரன் இன்னும் ஆயுதம் எடுக்கேல்லை. நீர் இப்பவே விழப்போறீர் போல கிடக்கு" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி எழுந்து வந்தாள். அவளுடைய கைப்பையிலிருந்து நீலக் குழல் வெளிப்பட்டது. நான் தலையசைத்து மறுத்தேன். கருவறை வாயிலில் நின்ற ஐயர் இதைக் கண்டு கீழிறங்கி வந்தார்.

"காத்துக்கு ஆரும் விரதம் பிடிக்கிறதில்லை. பம்பை அடியுங்கோ. முருகன் கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன்."

இழுத்தேன். சற்று நேரத்தில் நெஞ்சு இளகியது. அன்றைய மீதியை வேறொருவர் படித்தார்.

மறுநாட் காலை மருத்துவமனையில், இளம் பெண் மருத்துவர் என் நெஞ்சிற் கருவி வைத்துக் கேட்டார். பிறகு என் நோன்பின் நெறியையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, விரதம் வயித்துக்கோ, சுவாசக் குழாய்க்கோ?"

"வயித்துக்குத்தான்."

"அப்ப குழாயைப் பட்டினி போடாதேங்கோ. மண்ணிறப் பம்பை விட்டவுடனை ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை மெல்ல மெல்ல வீங்கி வரும். சுகமாயிருக்கிறன் எண்டு நீங்கள் நினைச்சது, முந்தி அடிச்ச மருந்தின்ரை சுகம்."

நோன்பின் சிறப்பென்று நான் நண்பரிடம் விளக்கியதெல்லாம் முன்னைய மருந்தின் சிறப்பாக இருந்திருக்கிறது. மருத்துவர் சில மாத்திரைகளைத் தந்து, மண்ணிறக் குழலை அன்றே மீளத் தொடங்கவும், புகையிலிருந்து விலகியிருக்கவும், நீலக் குழலை மடியில் வைத்திருக்கவும் பணித்தார். "படிக்கலாமோ?" என்று கேட்டேன். "இழுப்பில்லாட்டில் படியுங்கோ. மூச்சு முட்டினால் நிப்பாட்டவேணும்" என்றார்.

இறுதிநாள் மாலை நெஞ்சு தெளிந்திருந்தது. ஐயர் தூபக்காலை வெளிவீதிக்கு அனுப்பியிருந்தார். என் இருக்கையும் காற்று வரும் வாயிலருகே மாறியிருந்தது. சூரன் மாமரமாகும் பாட்டு வந்தது. ஒரே மூச்சில் முடிப்பதா என்று ஒரு கணம் எண்ணினேன். பெண்கள் பக்கத்தில் கைப்பை திறக்கும் ஓசை கேட்டது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் நின்று, மூச்செடுத்துப் படித்தேன். பாட்டு முழுதாக நிறைவேறியது.

நண்பர் பயன் சொல்லத் தொடங்குமுன் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு வருசமும் நீர் ஓடின ஓட்டத்திலை எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை. இண்டைக்குத்தான் பாட்டு விளங்கினது."

"அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்குப் பயன் சொன்னனீர்?"

"அதை முருகனிட்டைக் கேளும்" என்று சொல்லிவிட்டு அவர் பயனைத் தொடங்கினார்.