கலங்கல் தண்ணீருக்கு மினுங்கும் தகடு

அன்றைக்கு சுவிஸ் நாட்டின் நொஷாட்டல் ஏரிக்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் அக்கா, அக்காவின் கணவரான அத்தான், கடைசியாக வந்து சேர்ந்த மீன்பிடிக் காவலர். வேறு ஒருவரும் இல்லை. பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஐந்தாவதாக யாரும் எங்களைக் கவனித்திருப்பார்களோ என்று நினைத்தால் இப்போதும் மறுபடி எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அதற்கு மூன்று கிழமை கழித்து எனக்குக் கொம்யூனில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், குடியுரிமை நேர்முகம் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டில் இருபது வருடம் சமையலறையில் பாத்திரம் கழுவியதுதான் என் படிப்பு. தண்டம் ஏதும் கட்டியிருக்கிறாயா என்று நேர்முகத்தில் கேட்பார்கள் என யாரோ சொன்ன நாளிலிருந்து, ஆளில்லாத வீதியிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நின்றேன். என் பதற்றம் தணியட்டும் என்றுதான் அத்தான் மீன்பிடிக்கக் கூட்டிப்போனார்.

எங்கே தணிந்தது? தூண்டிலில் கட்டும் பொய்மீனைத் தெரிவு செய்வதே எனக்குப் பெரிய சோதனையாகிவிட்டது. எந்த நிறம், எந்த நீளம், எவ்வளவு ஆழத்தில் நீந்துவது என்று ஒரு கிழமையாகப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அதைவிடப் பெரிய கவலை கொக்கி. பிடிபட்ட மீன் கழன்றுவிடாமல் வைத்திருக்கும் எதிர்முள் எங்கள் பெர்மிக்கு, அதாவது மீன்பிடி அனுமதிச் சீட்டுக்கு, ஆகாது; குறட்டால் நசுக்கிவிட வேண்டும். என்னிடமிருந்த ஒன்பதையும் நசுக்கி, பஞ்சில் இழுத்துப் பார்த்து, மறுபடியும் நசுக்கியிருந்தேன்.

முந்தின நாள் அடித்த காற்றில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. சாம்பல் நிற ரப்பர் மீனை ஒரு மணித்தியாலம் எறிந்தும் ஒன்றும் தொடவில்லை. அத்தான் தன் பெட்டியிலிருந்து சுழலும் பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உந்த மங்கல் நிறம் தெளிஞ்ச தண்ணிக்கு. கலங்கல்ல மீன் கண்ணால தேடாது. தண்ணி அதிருறதைப் பிடிச்சுத்தான் வரும். இதைப் போடு."

"முள் நசுக்கினதோ அத்தான்?"

"ஓம், ஓம். நீ மீன் பிடிக்க வந்தனியோ, முள்ளு எண்ண வந்தனியோ?"

"தேத்தண்ணி குடுத்தாலும் அதுக்குப் பெர்மி இருக்கோ எண்டு கேப்பான்," என்றாள் அக்கா.

வெட்கத்தில், பார்க்காமலே கட்டி எறிந்தேன். மெதுவாகச் சுற்றியபோது தகட்டின் துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் வந்தது. மூன்றாவது எறிதலில் வரி போட்ட பெர்ஷ் மீன் ஒன்று ஏறியது. கொக்கி கழற்ற அத்தான் மீனை வாங்கிக்கொண்டார். என் தூண்டிலை எங்கள் இருவருக்கும் நடுவே கல்லில் சாய்த்தேன். அப்போதுதான் காவலர் வந்தார். மரியாதையாக வணக்கம் சொன்னார், சீட்டுகளைப் பார்த்தார், பிறகு கொக்கியைத் துணியில் வைத்து இழுத்தார். நசுக்காத முள்ளில் துணி மாட்டிக்கொண்டது.

தூண்டில் யாருடையது என்று பிரெஞ்சில் கேட்டார்.

"என்னுடையது," என்றார் அத்தான், தன் உடைந்த பிரெஞ்சில். "போன கிழமை புதுக் கொக்கி மாற்றினேன். நசுக்க மறந்துவிட்டேன்."

காவலர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். அவர் அத்தானின் பெயரில் நூற்றைம்பது பிராங் தண்டம் எழுதினார்.

காரில் அத்தான் சொன்னார்: "பயப்பிடாதை. கொக்கி என்ரதுதானே. அரைவாசி உண்மைதான் சொன்னனான்."

நேர்முகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இல்லை என்றேன். கடவுச்சீட்டும் வந்தது. எனக்கெதற்கு இந்தக் கடதாசி என்று அப்போது சொன்ன அத்தான், இந்த வருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதே கேள்விக்கு அவர் ஆம் என்று சொல்ல வேண்டும். சின்னத் தண்டம், ஒன்றுமாகாது என்கிறார். ஒன்றுமாகாது என்று யார் சொன்னாலும் நம்பத் தெரியாதவன் நான்.

போன கிழமை காசைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் என் கையை மடக்கிவிட்டார்.

"இதை வாங்கினா தண்டம் உன்ரதாப் போயிடும். பிறகு கொம்யூனில நீ சொன்னது பொய்யெல்லே."

அக்கா இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காசு திரும்பவும் என் சட்டைப்பைக்குள் வந்தது. நூற்றைம்பது பிராங், இன்னும் கொடுபடவில்லை.